ஒரு குறுவட்டு, இருபது கணினிகள்: மென்பொருள் உரிமத்தை எண்ணிய வரலாறு



2005ஆம் ஆண்டு. அப்போது நான் பணியாற்றிய பள்ளியில் கணினிக்கூடப் பொறுப்பும் என்னிடமே இருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டித் தந்த பணத்தில் கணிதப் பயிற்சிக் குறுவட்டு ஒன்றை வாங்கினோம். ஒரு சனிக்கிழமை முழுவதும் அமர்ந்து அம்மென்பொருளை இருபது கணினிகளிலும் நிறுவி முடித்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே மனம் மகிழ்ந்தது.

திங்கட்கிழமை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்தக் குறுவட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தான். "சார், ஒரு கணினிக்கு மட்டும்னு போட்டிருக்கே?" என்றான். "பள்ளிக்கூடத்திற்குத்தானே தம்பி, பரவாயில்லை" என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கு முந்தைய பாடவேளையில்தான் அவ்வகுப்பிற்கு நன்னெறிக் கல்வியில் நேர்மையைப் பற்றிப் போதித்திருந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒரு மென்பொருளை எத்தனை கணினிகளில் பயன்படுத்தலாம் என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் படிக்கலானேன். படித்தவற்றின் சாரத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தொடக்கக் காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலையே இல்லை எனலாம். அறை முழுவதையும் அடைத்துக்கொண்ட பெருங்கணினியை வாங்குவோருக்கு அதற்குரிய நிரல்களும் சேர்ந்தே கிடைத்தன. 1969ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐபிஎம் நிறுவனம், இனி மென்பொருளையும் சேவைகளையும் தனித்தனியாக விலைக்குத் தருவதாக அறிவித்தது. நிரல் ஒரு விற்பனைப் பொருளாக வேரூன்றியது. விலை வந்தால் கணக்கும் வரத்தானே வேண்டும்!

1976 பிப்ரவரியில், இருபது வயதே நிரம்பிய பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்னும் சிறு கணினிக்காகத் தாமும் நண்பர்களும் உருவாக்கிய பேசிக் மொழியைப் பலரும் பயன்படுத்துகின்றனர். ஆயினும் ஆல்டேர் வைத்திருப்போரில் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே அதனை விலை கொடுத்து வாங்கியுள்ளனர் என்பது அவரது முறையீடு. கணக்கிட்டுப் பார்த்தால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர் கூடக் கிடைக்கவில்லை என்றும் வருந்தினார்.

சட்டமும் மெல்ல மெல்லத் துணைக்கு வந்தது. அமெரிக்கா 1980ஆம் ஆண்டு தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திக் கணினி நிரல்களுக்கு உள்ள பாதுகாப்பைத் தெளிவாக்கியது. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமோ கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையிலேயே வைக்கிறது. தமிழாசிரியர்களாகிய நமக்கு இது சுவையான செய்தி. ஒரு நாவலுக்கு உள்ள காப்பு நிரலுக்கும் உண்டு.

சட்டம் இருந்தும் நகல் எடுப்பது நின்றபாடில்லை. எனவே நிறுவனங்கள் பூட்டுப் போட முனைந்தன. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருளைத் திறக்க, அதன் மூல நெகிழ்வட்டைக் கணினியில் செருக வேண்டியிருந்தது. வட்டு பழுதானால் காசு கொடுத்து வாங்கியவரும் திண்டாடினார். நேர்மையாளருக்கே தொல்லையாக முடிந்ததால் இத்தகைய பூட்டுகளைப் பல நிறுவனங்கள் பின்னர்க் கைவிட்டன.

கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பிறகு புதியதொரு சிக்கல் எழுந்தது. வலையமைப்பில் நூறு கணினிகள் இருக்கலாம். ஒரே நேரத்தில் பத்துப் பேர் மட்டுமே குறிப்பிட்ட மென்பொருளைப் பயன்படுத்தக்கூடும். நூறுக்கும் விலை கேட்பது முறையா? ஒன்றுக்கு மட்டும் விலை கொடுப்பது முறையா? இதற்கு விடையாகவே உரிமங்களை எண்ணும் நிரல்கள் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்ற ஃப்ளெக்ஸ்எல்எம் 1988ஆம் ஆண்டு அறிமுகமானது.

அது இயங்கும் முறையை நம் பள்ளி நூலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து உரிமங்கள் வாங்கியிருந்தால், வலையமைப்பில் உள்ள ஒரு கணினி நூலகரைப் போல் அந்தப் பத்தையும் காத்து நிற்கும். யாரேனும் மென்பொருளைத் திறந்தால் ஓர் உரிமத்தை இரவல் தரும். மூடினால் திரும்பப் பெறும். பதினோராவது நபர் காத்திருக்க வேண்டும். இரவல் பெற்ற கணினி திடீரென அணைந்துவிட்டால்? அது உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே விசாரித்து, பதில் வராவிட்டால் அந்த உரிமத்தை மீட்டுக்கொள்ளும். யார், எப்போது, எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்ற குறிப்பும் பதிவாகும். அதனைப் பார்த்துக் கூடுதலாக வாங்கலாமா, குறைத்துக்கொள்ளலாமா என்று நிருவாகம் முடிவு செய்யலாம். எண்ணுவது இங்கே இரு தரப்புக்கும் நன்மையாக அமைந்தது.

ஆயினும் கண்காணிப்புக்கு மறுபக்கமும் உண்டு. 2006இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பி அசல்தானா என்று சோதிக்கும் நிரலைப் பரவலாக அனுப்பியது. அது நாள்தோறும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுவனத்தின் வழங்கியோடு தொடர்பு கொண்டது தெரியவந்தபோது பயனர்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனமும் அவ்வழக்கத்தை மாற்றிக்கொண்டது. 2007 ஆகஸ்டில் அந்தச் சோதனை வழங்கிகளில் ஏற்பட்ட பிழையால், முறையாக விலை கொடுத்து வாங்கியிருந்த பலரின் கணினிகள் போலியானவை என்று முத்திரை குத்தப்பட்டன. எண்ணுகிறவரும் தவறு செய்யக்கூடும். ஆகவே, வாங்கியதற்கான சான்று நம் கையில் இருக்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சரி, எத்தனைக்குக் காசு இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். சங்கத்தின் உதவியோடு மேலும் நான்கு உரிமங்களை வாங்கினோம். ஐந்து கணினிகளில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற பதினைந்திலிருந்தும் அதனை நீக்கினேன். மாணவர்கள் முறை வைத்துப் பயன்படுத்தினர். கட்டுரை தட்டச்சு செய்ய ஓப்பன் ஆஃபிஸ் என்னும் திறமூல மென்பொருளை இருபதிலும் நிறுவினோம். எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ள அதன் உரிமமே இடம் தந்தது.

பிறகு ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, கட்டம் போட்டு, மென்பொருளின் பெயர், வாங்கிய நாள், உரிமங்களின் எண்ணிக்கை, எந்தெந்தக் கணினி என்று எழுதி வைத்தேன். இரசீதுகளையும் அதிலேயே ஒட்டினேன். அதில் முதல் பதிவை எழுதியவன் உறையைத் திருப்பிப் பார்த்த அந்த மாணவன்தான்.

இன்று குறுவட்டுகள் மறைந்து கடவுச்சொற்கள் வந்துவிட்டன. ஒரு குடும்பம் சந்தா கட்டிய கற்றல் செயலியின் கடவுச்சொல்லைப் புலனக் குழுவில் வகுப்பு முழுமைக்கும் பகிர்வதைப் பார்க்கிறேன். நல்லெண்ணத்தோடு செய்வதுதான், நானும் அன்று நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். அதைத் தயாரித்தவர்களுள் நம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கக்கூடும் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வலையமைப்பின் கண்காணிப்பு நிரல் வருமுன்னே, பிள்ளைகளின் கண்கள் நம்மைக் கண்காணித்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் பள்ளியில் இத்தகைய பதிவேடு உண்டா? இல்லையெனில் இந்தத் தவணையிலேயே தொடங்குங்கள். ஒரு பயிற்சிப் புத்தகம் போதும்.