தோட்டம் கிராமமா, பட்டணமா?



நிகழ்ச்சிக்கு வரும் விருந்தினரிடம் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுத் தொடங்குவது எங்கள் வழக்கம். "கேமரன் மலை, தேயிலைத் தோட்டம்" என்று பதில் வந்தால், "கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்" என்று நானும் பலமுறை அறிமுகம் செய்திருக்கிறேன். அது சரிதானா?

நாட்டுப்புறம், நகர்ப்புறம் என்று இடங்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது மனிதப் புவியியலின் பழைய வழக்கம். மக்கள் திரளாக, நெருக்கமாக, பலதரப்பட்டவர்களாக வாழும் இடமே நகரம் என்று 1938இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் வெர்த் எழுதினார். நம் நாட்டுக் குடிக்கணக்கும் 1970 முதல் 10,000 பேர் என்பதையே நகரத்திற்கு அடிப்படை அளவாக வைத்திருக்கிறது. இந்த அளவுகோலால் அளந்தால் தேயிலைத் தோட்டம் கிராமம்தான்.

ஆனால், வரலாறு வேறு கதை சொல்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளக்க வந்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கொழுந்து பறிக்க வந்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். காலையில் பெரட்டு, மாலையில் கொழுந்து நிறுவை, எடைக்கு ஏற்ற கூலி, அருகிலேயே ஆலை. இது உழவர் வாழ்க்கையா, ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையா?

கிராமத்தானுக்குக் காணி நிலமாவது இருக்கும். தோட்டத்தில் லயத்து வீடும் வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. பள்ளிக்கூடமும் அப்படித்தான். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். கிராமத்திற்குப் பெங்ஹுலு, பட்டணத்திற்கு நகராண்மை, தோட்டத்திற்குத் துரைதான்.

இதனால் நம்மவர் இழந்தது கொஞ்சமல்ல. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின், கிராம மேம்பாட்டுக்கென அரசு பெருந்தொகை செலவிட்டது. நிலமற்றவர்களுக்கு நிலம் தர 1956இலேயே பெல்டா வந்திருந்தது. தோட்டமோ தனியார் நிலம். கணக்கில் கிராமமாக இருந்தும், கிராமத்திற்கு வந்த உதவிகளில் பல தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன.

இதன் வேர் நிலவுடைமையில் இருப்பதை உணர்ந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளி பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள்.

2020 குடிக்கணக்கின்படி மலேசியர்களில் 75.1 விழுக்காட்டினர் நகர்வாசிகள். மலையிலிருந்து இறங்கியவர்களும் அவர்களில் அடக்கம். மற்றவர்கள் பெருநாளுக்குக் கம்பத்திற்குத் திரும்புகிறார்கள். வீட்டுக்கு உரிமை இல்லாமல் வெளியேறிய தோட்டத்துப் பிள்ளை எங்கே திரும்புவான்?

ஆகவே, இனி நான் "கிராமத்தில் பிறந்தவர்" என்று சொல்லமாட்டேன். "தோட்டத்தில் பிறந்தவர்" என்றே அறிமுகம் செய்வேன். நீங்களும் உங்கள் தாத்தா பாட்டியிடம் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல ஆளிருக்காது.