புளிப்பைக் காத்த குடும்பம்: பிரசெல்ஸ் கான்டியோன் பீர் ஆலையின் வரலாறு

புளிப்பு நமக்குப் புதிய சுவை அல்ல. தயிர், மோர், நீராகாரம், இட்லி மாவு என்று தமிழர் அடுப்படியில் பாதி புளிப்பின் ஆட்சிதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிடம் இரவில் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுக் காலையில் எழுந்து பலனை எடுத்துக்கொள்வது நம் பாட்டிமார்களுக்குக் கைவந்த கலை. இதே கலையை மூன்று ஆண்டுக் காலத்துக்கு நீட்டி, ஒரு நகரத்தின் காற்றையே உறைமோராக வைத்துத் தொழில் நடத்தும் ஒரு குடும்பம் ஐரோப்பாவில் இருக்கிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை. அவர்கள் செய்வது பீர். "குடும்ப மலரில் போய் பீரைப் பத்தி எழுதறாரே!" என்று யாரும் கோபிக்க வேண்டாம். மதுவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அழிந்துபோக வேண்டிய ஒரு கைத்தொழில் எப்படி அழியாமல் நின்றது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. சொந்த ஊரை விட்டு வந்து டெல்லியில் வாழும் நமக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

காற்றே உறைமோர்

பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில், மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஆண்டர்லெக்ட் என்னும் பகுதி உள்ளது. அங்கே ஒரு சாதாரணத் தெருவில், வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு போலத் தோன்றும் கட்டிடம்தான் கான்டியோன் ஆலை. 2017 நவம்பரில், அங்கே வேலை பார்க்கும் என் நண்பர் மகனுடன் போயிருந்தேன். ஆளுக்கு ஒரு சிறு கையேட்டைக் கொடுத்து, "நீங்களே சுற்றிப் பாருங்கள்" என்று உள்ளே விட்டுவிடுகிறார்கள். எவர்சில்வர் தொட்டிகளும் கணினித் திரைகளும் இருக்கும் என்று நினைத்துப் போனால், இருப்பது மரமும் செம்பும் வார்ப்பிரும்பும்.

இங்கே தயாராகும் பீருக்கு லாம்பிக் என்று பெயர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிய பார்லி, ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. இரண்டையும் அரைத்து வெந்நீரில் கலக்குகிறார்கள். முளையிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சாற்றை வடித்து, ஹாப் என்னும் கொடியின் பூவைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். மற்ற ஆலைகள் மணமுள்ள புதிய ஹாப்பைத் தேடும்போது, இவர்கள் இரண்டு மூன்று ஆண்டு பழையதைத்தான் போடுகிறார்கள். கசப்பும் வாசனையும் போன பிறகும் கேடு செய்யும் பாக்டீரியாக்களை அடக்கும் குணம் அதில் தங்கியிருக்கும். அதுதான் இவர்களுக்குத் தேவை.

விசேஷம் இதற்கு அடுத்த கட்டத்தில். கொதித்த சாற்றைக் கூரைக்கு அடியிலுள்ள பரணுக்கு ஏற்றி, அங்கே அகலமாகவும் ஆழமில்லாமலும் கிடக்கும் ஒரு செம்புத் தொட்டியில் பரப்பிவிடுகிறார்கள். சுமார் 7,500 லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டி, நம்ம ஊர் கல்யாண வீட்டில் சாதம் ஆற்ற விரிக்கும் பாயைத்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது. சுவரிலுள்ள காற்றுத் திறப்புகள் வழியே இரவுக் காற்று உள்ளே வந்து போகும். காற்றில் மிதப்பவையும், பழைய மரத்திலும் கூரையிலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவையுமான ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் அந்தச் சாற்றில் இறங்கிவிடும். வேறு உறை எதுவும் ஊற்றுவது கிடையாது. காலையில் சாறு 20 டிகிரி அளவுக்கு ஆறியதும் ஓக், செஸ்ட்நட் மரப் பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள்.

சில நாளில் பீப்பாய் வாய் வழியே நுரை பொங்கும். அது அடங்கியபின் மூடிவைத்தால் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். ஒரு கூட்டம் நுண்ணுயிர் செய்து முடித்த இடத்தில் இன்னொரு கூட்டம் தொடங்கும். முதலில் சாதாரண ஈஸ்டு சர்க்கரையைச் சாராயமாக்கும். பிறகு, தயிரில் உள்ளது போன்ற லாக்டிக் அமிலத்தைத் தரும் பாக்டீரியாக்கள் புளிப்பேற்றும். கடைசியில் பிரெட்டனோமைசிஸ் என்னும் பொறுமைசாலி ஈஸ்டு மிச்சமுள்ள சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். மூன்று ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடுமாம். பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகள் தொங்குகின்றன. அவற்றை யாரும் ஒட்டடை அடிப்பதில்லை. பழ ஈக்களைப் பிடிக்கும் காவலாளி சிலந்திதான்!

ஒன்று, இரண்டு, மூன்று வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து, பாட்டிலில் அடைத்துக் கார்க்கு வைத்தால் அதன் பெயர் கெஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைத் தரும். மூத்தது சுவையைத் தரும். புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறவைத்தால் அது கிரீக். சுற்றி முடித்ததும் சிறு கோப்பையில் கெஸ் கொடுத்தார்கள். இனிப்பு துளிக்கூட இல்லை. நன்றாகப் புளித்த மோரின் தெளிவோடு எலுமிச்சையும் ஈர மரவாடையும் சேர்ந்தாற்போல் இருந்தது. "என்ன மாமா, இது கெட்டுப்போனதோ?" என்று முகத்தைச் சுளித்தான் நண்பர் மகன். அவன் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வியில்தான் இந்தத் தொழிலின் நூறாண்டுச் சோதனையே அடங்கியிருக்கிறது.

கெட்டதா, புளித்ததா?

ஈஸ்டு என்பது உயிருள்ளது என்று தெரியாத காலத்தில் பல ஊர்களிலும் பீர் தயாரிப்பு ஓரளவு அதிர்ஷ்டத்தை நம்பியே நடந்தது. 1876-ல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு, பீர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று காட்டினார். 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்டு செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். குளிரூட்டும் இயந்திரமும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எந்த ஊரிலும், எந்த மாதத்திலும், ஒரே சுவையுள்ள பீரைச் செய்ய முடிந்தது. காட்டு ஈஸ்டு எதிரியானது. புளிப்பு என்றாலே குறை என்றானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் என்பவர், பழைய ஆங்கிலேய பீர்களின் தனி மணத்துக்குக் காரணமான ஈஸ்டைக் கண்டறிந்து 1904-ல் அறிவித்தார். அதற்கு பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும்படி பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். பின்னர் 1921-ல் லாம்பிக்கிலிருந்து பிரித்தெடுத்த வகைக்கு பிரசெல்ஸின் பெயரையே சேர்த்து பிரெட்டனோமைசிஸ் புருக்செலென்சிஸ் என்றார்கள். உலகெங்கும் ஒயின் தயாரிப்பவர்களைக் கலங்க வைக்கும் கெடுதல் ஈஸ்டு இதுதான். பிரசெல்ஸில் மட்டும் அது வீட்டுப் பிள்ளை. ஓரிடத்தில் அழுக்கு என்று துடைப்பது இன்னோரிடத்தில் செல்வமாக இருக்கிறது.

மருமகன் திறந்த கதவு

பால் கான்டியோனும் அவர் மனைவி மரி டிராக்கும் 1900-ல் இந்த இடத்தில் தொழில் தொடங்கினார்கள். தொடக்கத்தில் பிறரிடம் லாம்பிக் வாங்கிக் கலந்து கெஸ் செய்யும் வேலைதான். சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது 1930-களின் பிற்பகுதியில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மகன்கள் மார்சலும் ராபர்ட்டும் பொறுப்பேற்றனர்.

போருக்குப் பிந்தைய தலைமுறைக்கு நாக்கு மாறிவிட்டது. குளிர்ந்த, தெளிந்த பில்ஸ் பீரும் சோடா வகைகளும் சந்தையைப் பிடித்தன. பிழைக்க வேண்டிய கட்டாயத்தில் பல லாம்பிக் தயாரிப்பாளர்கள் தங்கள் கெஸ்ஸில் இனிப்பைச் சேர்த்தார்கள். சேர்க்காதவர்கள் ஒவ்வொருவராகக் கதவை மூடினார்கள். பெரிய நிறுவனங்கள் சிறியவற்றை விழுங்கின. 1960-களின் இறுதியில் மார்சலுக்கும் தொழிலைத் தொடர ஆர்வம் குறைந்திருந்தது. அப்போது கைகொடுத்தவர் அவருடைய மகள் குளோடின் கணவர் ழான்-பியேர் வான் ரோய். மாமனாரிடம் தொழில் கற்றுக்கொண்ட மருமகன் அவர். ஆலையின் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அது மனைவி வீட்டுப் பெயராகவே இருக்கிறது.

அந்த மருமகன் 1978-ல் செய்த காரியம்தான் என் கணிப்பில் இந்த வரலாற்றின் திருப்புமுனை. விலையைக் குறைக்கவில்லை, சுவையை இனிப்பாக்கவில்லை. வேலை நடக்கும் ஆலையை அப்படியே அருங்காட்சியகமாக அறிவித்துக் கதவைத் திறந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் செத்த பொருள்களை வைக்கும் காட்சிசாலை இல்லை அது. செம்புத் தொட்டி, பீப்பாய், சிலந்தி வலை, கால் நனையும் ஈரத்தரை எல்லாம் அன்றாடம் உழைப்பவை. விடியற்காலையில் நடக்கும் காய்ச்சலையே பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள்களும் உண்டு. வந்தவர்களில் பலர் பிறந்ததிலிருந்து புளிப்பு பீரைக் குடித்தறியாதவர்கள். மூன்று ஆண்டுக் காத்திருப்பைக் கண்ணால் பார்த்த பிறகு "இது கெட்டுப்போனதோ" என்ற கேள்வி எழுவதில்லை. என்னுடன் வந்த பையனும் இரண்டாவது மிடறில் வாயை மூடிக்கொண்டான்!

பல ஆண்டுகள் பிரசெல்ஸ் நகருக்குள் மரபு மாறாமல் லாம்பிக் காய்ச்சிய ஒரே ஆலையாகக் கான்டியோன் நின்றது. 1997-ல் லாம்பிக், கெஸ் ஆகியவற்றின் செய்முறைக்கு ஐரோப்பிய ஒன்றியம் மரபுச் சிறப்பு என்ற பாதுகாப்பை வழங்கியது. 2016-ல் பெல்ஜிய பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இன்று பால் கான்டியோனின் கொள்ளுப்பேரன் ழான் வான் ரோய் பொறுப்பில் இருக்கிறார். பல நாடுகளிலிருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். ஆனால் விருதும் பட்டியலும் வருவதற்கு வெகு முன்பே, நஷ்டக் காலத்தில், வந்தவர்களிடம் சலிக்காமல் விளக்கிச் சொன்ன ஆண்டுகள் இருந்தன என்பதை மறக்கக்கூடாது.

பிழாவும் செம்புத் தொட்டியும்

அந்தப் பரணில் நின்றபோது என் நினைவுக்கு வந்தது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலை நாம் அறிவோம். உ.வே. சாமிநாதையர் 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டுள் இதுவும் ஒன்று. வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் அரிசிக் கள் செய்யும் முறையைப் புலவர் படிப்படியாக விவரிக்கிறார். குத்தித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அதை வாய் அகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். முளையை இடித்துக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் விளைய விட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

முளை தானியம், அகன்ற பாத்திரத்தில் ஆற்றுதல், தானே விளைய விடுதல் என்று அடிப்படை ஒன்றேதான். வேறுபாடும் கவனிக்கத்தக்கது. பிரசெல்ஸில் முளையைச் சேர்த்த பின் கொதிக்க வைப்பதால் காற்றின் வருகைக்காகக் காத்திருக்கிறார்கள். நம் வலைஞர்களோ ஆறிய களியில் முளையைச் சேர்த்ததால், அதில் ஒட்டிய உயிர்களும் கூடவே வந்திருக்கும். குளிர்நாட்டுக்கு மூன்று ஆண்டு. நம் வெயிலுக்கு இரண்டு நாள். ஆனால் அங்கே அந்த முறை இன்றும் கையில் இருக்கிறது. இங்கே அது ஏட்டிலும் நச்சினார்க்கினியர் உரையிலும்தான் இருக்கிறது. நம் அடுப்படியில் கைமாறாமல் தொடர்ந்து வந்த நொதிப்பு இட்லி மாவும் பழைய சோறும்தான்.

குளிரும் வெப்பமும்

கான்டியோனில் ஆண்டு முழுவதும் காய்ச்ச முடியாது. ஏறத்தாழ அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான். கோடையில் இரவு போதிய அளவு குளிராது. காற்றில் கேடு செய்யும் பாக்டீரியாவும் மிகுதி. இந்தக் குளிர்காலமே இப்போது சுருங்கி வருகிறது. 2015 நவம்பரில் வழக்கத்துக்கு மீறிய வெப்பத்தால் காய்ச்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. ரசனை மாற்றத்தையும் பெரிய கம்பெனிகளையும் தாண்டி வந்த குடும்பத்துக்கு, எந்தக் கதவைத் திறந்தும் சமாளிக்க முடியாத எதிரி இது. இயந்திரம் வைத்துக் குளிரூட்டினால் சாறு ஆறிவிடும். ஆனால் அந்த ஊரின் இரவு அதில் இறங்காதே!

நமக்கோ இதற்கு நேர்மாறான கஷ்டம். டெல்லி ஜனவரியில் மாவு பொங்காமல் படுத்துக்கிடப்பதை எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கம்பளியில் சுற்றுவது, அரிசி டப்பாவுக்குள் புதைப்பது, விளக்கெரியும் அவனுக்குள் வைப்பது, உளுந்தின் அளவைக் கூட்டுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வித்தை உண்டு. லாம்பிக்கைப் போல ஊரோடு கட்டுண்டதல்ல நம் மாவு. உளுந்தோடு ஒட்டிவரும் பாக்டீரியாவே அதைப் பொங்க வைப்பதால், எந்த ஊருக்கும் நம்மோடு அது பயணம் செய்கிறது. பயணம் செய்யாமல் நின்றுவிடக்கூடியது அதைப் பக்குவமாகச் செய்யும் அறிவுதான். பாக்கெட் மாவு வாங்கும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டினோமா என்பதே கேள்வி.

எனவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பனிக்காலத்தில் மாவு எப்படிப் பொங்குகிறது, எத்தனை மணி நேரம், என்ன அளவு, யாரிடம் கற்றது என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். எழுதும்போது பேரப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாவு மூடியைத் திறந்ததும் வரும் வாசனையை எழுத்தில் அனுப்ப முடியாது. அதை அவர்கள் அங்கேயே நின்று முகர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.