அவை கலைந்த பின்னும்: ஜோரா சேகலின் கலைவாழ்வு

செல்வம் வந்து சேர்வதற்கும் நீங்குவதற்கும் உவமை தேடிய திருவள்ளுவர், கூத்துக் காணத் திரண்டு, அது முடிந்ததும் கலைந்து செல்லும் அவையைக் காட்டினார். அவ்வுவமையின் பொருளைச் செல்வரைக் காட்டிலும் நடிகரே நன்குணர்வர். கவிஞர் எழுதியது ஏட்டில் இருக்கும். சிற்பி செதுக்கியது கல்லில் இருக்கும். மேடையில் ஆடியவருக்கோ, திரை விழுந்த பின் எஞ்சுவன உடலும் நினைவுமே. அவ்விரண்டையும் முதலாகக் கொண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கலைவாழ்வு நடத்தியவர் ஜோரா சேகல். ஆடலில் தொடங்கி, நாடகத்தில் வளர்ந்து, தொலைக்காட்சியில் புகழ்பெற்று, முடிவில் கவிதையைச் சொல்லும் குரலாக நின்றவர் அவர்.

பர்தாவிலிருந்து டிரெஸ்டனுக்கு

1912 ஏப்ரல் 27 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில், ரோஹில்லா பட்டாணியர் குடும்பமொன்றில் ஏழு மக்களுள் மூன்றாமவராகப் பிறந்தார் ஜோரா. இளமையிலேயே தாயை இழந்தார். தாயின் விருப்பப்படி லாகூர் குயின் மேரி கல்லூரியில் பயின்றார். பர்தா முறையைக் கடைப்பிடித்த கல்லூரி அது. அங்கிருந்து வெளிவந்த பெண், 1930-இல் தம் மாமாவுடன் மோட்டார் காரில் மேற்காசிய நாடுகளைக் கடந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார் என்பது இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

செருமனியின் டிரெஸ்டன் நகரில், நவீன நடனத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மேரி விக்மேனின் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றார். செருமனிக்கு வந்த உதயசங்கரின் ஆடலை அக்காலத்தில் அவர் கண்டது வாழ்வின் திசையையே மாற்றியது. 1935-இல் அக்குழுவில் சேர்ந்தார். 1940 வரை சப்பான், எகிப்து, ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா என ஊர் ஊராக ஆடினார்.

பின்னர் உதயசங்கர் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நிறுவிய கலை மையத்தில் ஆசிரியரானார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, பரதத்திற்கு நம் கந்தப்ப பிள்ளை, இசைக்கு அலாவுதீன் கான் எனப் பேராசான்கள் கூடியிருந்த இடம் அது. பாலசரஸ்வதியை உருவாக்கிய கந்தப்ப பிள்ளை கற்பித்த அதே வளாகத்தில்தான் ஜோராவும் கற்பித்தார். நடனத்திற்கென ஐந்தாண்டுப் பாடத்திட்டம் வகுப்பதிலும் பங்கு கொண்டார்.

அங்கே அவர் சந்தித்தவர் காமேஸ்வர் சேகல், அறிவியல் கற்றவர், ஓவியர், ஆடலர், ஜோராவை விட எட்டாண்டு இளையவர், இந்து. இரு குடும்பத்தாரின் தயக்கங்களையும் கடந்து 1942 ஆகஸ்ட் 14-இல் திருமணம் நடந்தது. அதற்கு வருவதாக இருந்த சவகர்லால் நேரு, சில நாள்களுக்கு முன்னர் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைப்பட்டார். பின்னர் இருவரும் லாகூரில் நடனப்பள்ளி ஒன்றை நடத்தினர். ஆனால் நாட்டைப் பிளக்கவிருந்த வகுப்புப் பகை அந்நகரில் முன்னரே புகையத் தொடங்கிவிட்டது. கலப்பு மணம் புரிந்த இணையருக்கு அங்கே இடமில்லை எனக் கண்டு, ஒரு வயதுக் குழந்தையுடன் பம்பாய் சேர்ந்தனர்.

பதினான்கு ஆண்டு நாடகப் பயணம்

1945-இல் பிருதிவிராஜ் கபூரின் பிருதிவி தியேட்டர்ஸ் குழுவில் நடன இயக்குநராகவும் நடிகையாகவும் ஜோரா சேர்ந்தார். மாத ஊதியம் 400 ரூபாய். ஜோராவின் தங்கை உஸ்ரா பட் முன்னரே அக்குழுவின் முதன்மை நடிகையாக விளங்கினார். உலக அரங்குகளில் ஆடிவந்த அக்காள், தங்கை தலைவியாக நிற்கும் மேடையில் துணைப் பாத்திரம் ஏற்றார். நடிகர் வாழ்வில் இது எளிய செயலன்று.

'தீவார்', 'பட்டாண்', 'கத்தார்', 'ஆஹூதி' ஆகிய அக்குழுவின் நாடகங்கள் பிரிவினையின் கொடுமையையும் இந்து முஸ்லிம் ஒற்றுமையையும் பேசின. நாடகம் முடிந்ததும் பிருதிவிராஜ் வாயிலில் துணியேந்தி நின்று நற்பணிகளுக்கு நிதி திரட்டுவார். குழுவினர் இரயிலில் நாடெங்கும் சுற்றினர். இடையே 1946-இல் 'தர்த்தி கே லால்', 'நீச்சா நகர்' ஆகிய படங்களில் ஜோரா நடித்தார். 1951-இல் வந்த 'பாஸி' படத்திற்கு நடனம் அமைத்தார். எனினும் பதினான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்த இடம் மேடையே.

1959-இல் கணவர் மறைந்தார். இரு குழந்தைகளுடன், நாற்பத்தேழு வயதில், ஜோரா தில்லிக்குச் சென்று நாட்டிய அகாதமியொன்றின் பொறுப்பேற்றார். 1962-இல் நாடகக் கல்விக்கான உதவித்தொகை பெற்று இலண்டன் புறப்பட்டபோது அவருக்கு வயது ஐம்பது.

இலண்டனில் மீண்டும் முதற்படி

அங்கே அவர் யாரென அறிந்தவர் சிலரே. இந்திய முகத்திற்குரிய பாத்திரங்களும் மிகக் குறைவு. நாடக அரங்கொன்றில் பிற நடிகர்க்கு உடை அணிவிக்கும் பணியையும் அவர் செய்தார். கடல் கடந்து கைதட்டல் பெற்றவர், பிறர் மேடைக்குச் செல்லத் திரைக்குப் பின்னே பித்தான் மாட்டி நின்றார். ஜோராவின் வரலாற்றில் விருதுகளை விட இக்காட்சியே பெரிது. மேடையில் நிற்க இயலாதபோதும் மேடையின் அருகிலிருந்து அவர் அகலவில்லை.

1964-இல் கிப்ளிங் கதையொன்றைத் தழுவிய பி.பி.சி. நாடகத்தில் நடித்தார். 1976-77-இல், ஆசியக் குடியேறிகளுக்காக பி.பி.சி. ஒளிபரப்பிய 'படோசி' தொடரின் 26 பகுதிகளைத் தொகுத்து வழங்கினார். பால் ஸ்காட்டின் புதினங்களைத் தழுவி 1984-இல் வந்த 'தி ஜூவல் இன் தி கிரௌன்' தொடரில் லேடி சாட்டர்ஜியாக நடித்தபோதுதான் பெரும்புகழ் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. அடுத்து 'தந்தூரி நைட்ஸ்' என்னும் நகைச்சுவைத் தொடர் அவரைப் பிரித்தானிய இல்லங்களுக்கு அறிமுகமான முகமாக்கியது.

எல்லைக்கு இருபுறமும் இரு சகோதரியர்

தங்கை உஸ்ரா 1964-இல் பாகிஸ்தானில் குடியேறினார். ஒரே மேடையில் நின்றவர்களை ஓர் எல்லைக்கோடு பிரித்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 1993-இல் லாகூரில், 'ஏக் தீ நானி' நாடகத்தில் இருவரும் மீண்டும் இணைந்து நடித்தனர். ஷாகித் நதீம் எழுத, மதீகா கௌஹர் இயக்கிய அந்நாடகம் சகோதரியர் இருவரின் வாழ்வையே கருவாகக் கொண்டது. வகுப்புப் பகைக்கு அஞ்சி எந்நகரை விட்டு ஜோரா வெளியேறினாரோ, அந்நகரத்து மேடையிலேயே எண்பத்தோராம் வயதில் தம் கதையைத் தாமே நடித்தார்.

அக்காலத்திலிருந்து அவருடைய குரல் கவிதைக்கு உரியதாயிற்று. ஃபைஸ், ஹஃபீஸ் ஜலந்தரி முதலிய உருதுக் கவிஞர்களின் பாக்களை, கையில் தாளின்றி, நினைவிலிருந்தே அவையில் சொல்வார். முதுமையிலும் இளமை தீராததைப் பாடும் ஜலந்தரியின் கவிதையை அவையோர் கேட்டுக்கேட்டுச் சொல்லச் செய்தனர். பல்லாண்டு ஆடிய உடல் தளர்ந்த பின்னும் சொல்லின் தாளம் தளரவில்லை. உடற்பயிற்சியைப் போன்றே பாடமான பாக்களைச் சொல்லிப் பார்ப்பதையும் அவர் நாள்தோறும் விடாது செய்துவந்தார்.

மணிரத்னத்தின் 'தில் சே' (1998), தமிழில் 'உயிரே' என வெளிவந்தபோது நம் மக்களும் அவரைத் திரையில் கண்டனர். 'சீனி கம்', 'சாவரியா' ஆகிய படங்களில் 2007-இல் நடித்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. சங்கீத நாடக அகாதமி விருது 1963-இலும், பத்மஸ்ரீ 1998-இலும், பத்மவிபூஷண் 2010-இலும் அவரை வந்தடைந்தன. அந்த 2010-இலேயே தங்கை உஸ்ரா மறைந்தார். 2014 சூலை 10 அன்று, 102-ஆம் வயதில், தில்லியில் ஜோரா காலமானார்.

அல்மோராவில் அவர் ஆடிய ஆடலை இனி எவரும் காண இயலாது. பிருதிவி மேடையின் பதினான்கு ஆண்டுகளும் கலைந்த அவையோடு போயின. எஞ்சியிருப்பவை சில தொலைக்காட்சிச் சுருள்களும் சில படங்களும், அவர் நாவில் உயிர்பெற்ற பாக்களின் ஒலியுமே. இயல், இசை, நாடகம் மூன்றும் ஒன்றென்பது நம் மரபு. எழுதியவர் மறைந்த பின்னர் கவிதைக்கு வேண்டுவது அதை மனத்தில் ஏற்றி மன்றில் சொல்லும் ஒரு நா. அத்தகைய நாவாகத் தம்மை ஆக்கிக்கொள்ள அந்நடிகைக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.