பெயரும் பொருளும்: மலிவு மருந்தும் மருத்துவர் மனமும்

மதரஸாக்களில் அகீதா பாடம் ஓதும் மாணவர்கள் எதிர்கொள்ளும் பழைய வினா ஒன்றுண்டு. இஸ்மு எனும் பெயரும், முஸம்மா எனும் பெயர் சூட்டப்பட்ட பொருளும் ஒன்றா, வேறா என்பதே அது. கலாம் அறிஞர்கள் இதுபற்றி நெடிது வாதித்தனர். ஏட்டோடு நின்றுவிட்ட வாதம் என்றே நாம் இளமையில் எண்ணியிருந்தோம். பிற்காலத்தில் மருந்துகளின் வரலாற்றைப் படிக்கலானபோது, அவ்வினா ஏழை நோயாளியின் படுக்கையருகே நிற்பதைக் கண்டோம்.

மருந்துக்குப் பெயர் பலவாதலால் விளையும் குழப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் கஸ்னாவில் வாழ்ந்த அல்பிரூனி, தம் முதுமையில் ‘கிதாபுஸ் ஸைதனா’ எனும் மருந்து நூலை எழுத முற்பட்டார். ஒரே சரக்குக்கு அரபி, பாரசீகம், கிரேக்கம், சுர்யானி, இந்திய மொழிகள் ஆகியவற்றில் வழங்கிய பெயர்களை அதில் அவர் தொகுத்து வைத்தார். அன்று பெயர்களைப் பெருக்கியவை மொழிகள். இன்று பெருக்குவது வணிகம்.

மருந்து ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் செல்லும் பொதுப்பெயர் ஒன்று உண்டு. அதைச் செய்யும் நிறுவனங்களோ தத்தம் வணிகப்பெயர்களைச் சூட்டுகின்றன. பாரசிட்டமால் ஒன்றே, பெட்டிகள் பல, விலைகளும் பல. காப்புரிமைக் காலம் கழிந்த மருந்தை வேறு நிறுவனங்களும் செய்யலாமாதலால், பொதுப்பெயரில் வருவது பெரும்பாலும் மலிவாயிருக்கும். ஆயினும் வறிய நாடுகளில் அம்மலிவு மருந்தை ஐயுற்றவர் நோயாளிகள் மட்டுமல்லர். எழுதிக்கொடுக்கும் மருத்துவரும், எடுத்துக்கொடுக்கும் மருந்தாளரும் ஐயுற்றனர். அவ்வையத்தின் வரலாற்றை அண்டை நாடுகள் மூன்றில் நோக்குவோம்.

முதலாவது பாகிஸ்தான். மருந்துகள் பொதுப்பெயரிலேயே விற்கப்படவேண்டும் என 1972 இல் அந்நாடு சட்டம் இயற்றியது. நோக்கம் நன்று. ஆனால் தரத்தைச் சோதிக்கும் கூடங்களும் ஆய்வாளரும் போதிய அளவில் இல்லை. தரம் குன்றிய சரக்குகள் சந்தையில் புகுந்தன. முன்னரே எதிர்த்துநின்ற மருத்துவர்களுக்கு அதுவே வலுவான சான்றாயிற்று. 1976 இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. வணிகப்பெயர்கள் திரும்பி வந்தன.

மருத்துவரின் ஐயத்தை வெறும் பிடிவாதமென்றோ, நிறுவனங்களின் அன்பளிப்பால் விளைந்ததென்றோ தள்ளிவிடுதல் நீதியாகாது. 1971 இல் அமெரிக்காவில் இதயநோய்க்குரிய டிகாக்ஸின் மாத்திரைகளை ஆய்ந்தனர். ஒரே அளவு மருந்து அடங்கியவை எனக் குறிக்கப்பட்டவையும் குருதியில் சேரும் அளவில் பெரிதும் வேறுபட்டன. ஆகவே ஐயத்துக்கு இடமுண்டு. எனினும், அதே ஆய்வில் ஒரே நிறுவனம் வெவ்வேறு தடவைகளில் செய்த மாத்திரைகளுக்கிடையிலும் வேறுபாடு காணப்பட்டது என்பதை மறத்தலாகாது. புகழ்பெற்ற பெயரும் தன்னளவில் பிணையாகாது, சோதனையே பிணையாகும்.

இரண்டாவது இலங்கை. அங்கே மருந்தியல் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே முதலில் ஓர் ஆசிரியர், பின்னரே சீர்திருத்தக்காரர். 1950களின் இறுதியிலேயே அரசு மருத்துவமனைகளுக்கென மருந்துப் பட்டியல் ஒன்றை அமைப்பதில் அவர் பங்கு கொண்டார். 1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அதன் முதல் தலைவரும் அவரே. சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்து வகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகெங்கும் விலைப்புள்ளி கோரி, பொதுப்பெயரில், ஒரே கையால் வாங்கினர். பல மருந்துகளின் விலை வெகுவாகத் தாழ்ந்தது.

ஆயினும் மருத்துவரிடையே கருத்து பிளவுபட்டது. மருத்துவமனைப் பட்டியலோடு பழகியோர்க்குப் பொதுப்பெயர் புதிதன்று. தனியார் மருத்துவரிடையேயோ, தாம் விரும்பியதை எழுதும் உரிமை பறிபோயிற்று என்ற குறை எழுந்தது. 1977 இல் ஆட்சி மாறி, தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். எனினும், பிறநாட்டார் எடுத்துப் பயிலும் பாடமாக அவர் முயற்சி நிலைத்தது.

மூன்றாவது பங்களாதேஷ். பேராசிரியர் நூருல் இஸ்லாம் தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி, 1982 ஜூன் 12 இல் மருந்துக் கட்டுப்பாட்டு அவசரச் சட்டம் பிறந்தது. தேவையற்றவை, தீங்கானவை என 1,700க்கு மேற்பட்ட மருந்துகள் விலக்கப்பட்டன. 150 மருந்துகள் இன்றியமையாதவை எனக் குறிக்கப்பட்டன. அவற்றுள் அடிப்படைச் சிகிச்சைக்குரிய 45 பொதுப்பெயரிலேயே விற்கப்படவேண்டும் என்பது விதி. இராணுவ ஆட்சியின் ஆணையாக வந்த இதை அந்நாட்டு மருத்துவர் சங்கம் எதிர்த்தது. தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்ற மனக்குறையும் அவ்வெதிர்ப்பில் இருந்தது.

அதே நாட்டில் சாவர் என்னுமிடத்தில் மருத்துவர் ஜஃப்ருல்லாஹ் சௌதுரி நிறுவிய கொணோஷாஸ்தய கேந்திரத்தில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். அங்கே பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று மருந்தளித்தனர். 1981 இல் தொடங்கிய தன் மருந்தாலையில் அந்நிறுவனம் பொதுப்பெயர் மருந்துகளைத் தானே செய்தது. சிறிய பட்டியலைப் பொதுப்பெயரிலேயே கற்ற அப்பெண்களுக்கு, மறக்கவேண்டிய வணிகப்பெயர் ஏதும் இல்லை. மனப்பாங்கு என்பது பிறவிக்குணமன்று, கல்வியின் விளைவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் துயரமான மறுபக்கமும் அந்நாட்டிலேயே உண்டு. 1990 முதல் 1992 வரை, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மருந்துநீர் அருந்திய குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்துநீரில் டைஎதிலீன் கிளைக்கால் எனும் நஞ்சு கலந்திருந்தது. புட்டியின்மேல் எழுதிய பெயர் சரி. உள்ளிருந்த பொருள் வேறு. விலையைக் குறைத்தலோடு அரசின் கடமை முடிந்துவிடாது என்பதை அச்சிறார் தம் உயிரால் உணர்த்திச் சென்றனர்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. மருத்துவர் பொதுப்பெயரிலேயே எழுதவேண்டும் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி செய்தது. மருத்துவர்களின் எதிர்ப்பால் அம்மாதத்திலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. முதலில் தரத்துக்கு உறுதி தருக, பிறகு கட்டாயமாக்குக என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த உறுதி வரும்வரை, விலையுயர்ந்த பெயருக்குத் தன் நாட்கூலியைக் கொடுப்பவன் ஏழை என்பதும் உண்மையே.

மூன்று நாடுகளின் வரலாறும் நமக்குக் கூறுவது ஒன்றே. சட்டம் பெட்டியின்மேல் உள்ள பெயரை ஒரே நாளில் மாற்றிவிடும்; மருத்துவர் மனத்தை அவ்வாறு மாற்றாது. அம்மனம் மாற வகுப்பறையில் கல்வி வேண்டும், ஆலையில் சோதனை வேண்டும், சோதனையின் முடிவை மறைக்காத நேர்மை வேண்டும். மருந்தைப் பொறுத்தமட்டில், அகீதா வகுப்பின் வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே: பெயரும் பொருளும் தாமாக ஒன்றாவதில்லை, பொறுப்புள்ளோர் அவற்றை ஒன்றாக்க வேண்டும்.