திறவுகோலும் பொறுப்பும்: பேரிடர் வேளையில் சிறைவாசிகள்

சிறை ஊழியம் என்றவுடன் நம் திருச்சபைகளில் நினைவுக்கு வருவன ஜெபக்கூட்டம், பண்டிகைக்கால ஆராதனை, விடுதலையானோர்க்குச் செய்யும் சிற்றுதவி ஆகியவையே. இவை நல்லவை. ஆயினும் இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. நெருப்போ, வெள்ளமோ, கொள்ளைநோயோ வரும்போது மற்றவர் யாவரும் ஓடித் தப்பலாம். பூட்டிய அறைக்குள் இருப்பவனோ பிறனொருவன் கையிலுள்ள திறவுகோலை நம்பியே உயிர் வாழ்கிறான். அவனைக் காக்கும் பொறுப்பு யாருடையது? அப்பொறுப்பை நம் நாடு எவ்வாறு உணர்ந்துகொண்டது? இதனை வரலாற்றின் துணைகொண்டு சுருக்கமாக ஆராய்வோம்.

1. பஞ்சமும் சிறையும்

சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சமே இவ்வகையில் நமக்குக் கிடைக்கும் முதற்பெரும் பாடம். அந்நாள்களில் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நிவாரணக் கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாக இருந்தது. கடும் உழைப்புக்கு அது போதாது என்றும், சிறையில் கைதிக்கு அளிக்கப்படும் உணவைவிடவும் குறைவு என்றும் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கண்டித்து எழுதினார். பசியால் சிறு களவு செய்தோர் சிறைகளை நிரப்பினர். ஏற்கெனவே மெலிந்த உடலோடு வந்தவர்கள் நெரிசலிலும் வயிற்றுக்கடுப்பிலும் பெருந்தொகையாக மடிந்தனர். வெளியே நிகழ்ந்த பேரிடர் சிறையின் மதிலோடு நின்றுவிடவில்லை. உள்ளே புகுந்து இருமடங்காயிற்று.

இவ்வனுபவமும், ஆண்டுதோறும் சிறைகளைத் தாக்கிய காலராவும் சட்டத்தில் தடம் பதித்தன. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் ஏழாம் பிரிவில், அளவுக்கு மிஞ்சிய கைதிகள் சேர்ந்தாலும், கொள்ளைநோய் தோன்றினாலும், வேறு காரணம் எழுந்தாலும், அவர்களைத் தற்காலிகச் சிறைகளில் தங்கவைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று விதித்தது. அதாவது, மதிலைவிட மனிதன் பெரியவன் என்பதனை அந்நிய ஆட்சியின் சட்டமே ஓரளவு ஒப்புக்கொண்டது. எனினும் அவ்விதியின் கண் நோயையும் நெரிசலையும் நோக்கியதேயன்றி, சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் நெருப்பையும் நீரையும் நோக்கவில்லை. இடமாற்றத்திற்கு நாள்கள் உண்டு என்பதே அதன் எண்ணம்.

2. திறக்க அஞ்சிய கைகள்

1930 ஏப்ரல் 21இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலச் சிறை தீப்பற்றியது. 1,500 பேருக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில் அன்று ஏறத்தாழ 4,300 பேர் இருந்தனர். அறைகளைத் திறக்கத் தாமதமானமையால் 320க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2012 பிப்ரவரியில் ஹொண்டூராஸ் நாட்டின் கொமயாகுவா சிறையில் 350க்கு மேற்பட்டோர் அவ்வாறே இறந்தனர். அங்கிருந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் குற்றம் தீர்க்கப்படாதவர்கள்.

காவலர் யாவரும் கல்நெஞ்சர் என்று முடிவுகட்டுதல் தகாது. திறந்துவிட்டால் தப்பி ஓடுவர், ஓடினால் தான் தண்டிக்கப்படுவோம் என்னும் அச்சமே அக்கைகளைக் கட்டிப்போடுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 223ஆம் பிரிவில், கவனக்குறைவால் கைதியைத் தப்பவிடும் அரசு ஊழியருக்கு இரண்டாண்டுவரை சிறை விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனைக் குற்றமாகவே வைத்துள்ளது. ஆபத்தில் திறக்கத் தவறிய ஊழியனைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் தனிப்பிரிவோ அங்கில்லை. எனவே தீப்பற்றிய வேளையில் என்ன செய்யவேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்டு, பயிற்சியளிக்கப்பட்டு, காவலனுக்குப் பாதுகாப்பும் உறுதியளிக்கப்பட்டிராவிடில், அவன் மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்து நிற்பான், புகையோ காத்திராது.

3. சங்கிலியும் தீயும்

தமிழகத்தில் இவ்வுண்மையை உணர்த்திய நிகழ்ச்சி சிறையில் நேரவில்லை. சிறையினும் கொடிய ஓரிடத்தில் நேர்ந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியின் கொட்டகை தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக ஏற்று, நாடெங்குமுள்ள மனநல விடுதிகளைப் பற்றி விசாரித்தது. மனிதனைக் கட்டிவைப்பவன், அக்கட்டினை அவிழ்க்கும் கடமையையும் உடன் ஏற்கிறான் என்னும் நெறி சாம்பலின் மேல் நின்று எழுதப்படலாயிற்று.

காவலர்க்கும் இது பொருந்தும். 1999 நவம்பரில் சென்னை மத்தியச் சிறையில் எழுந்த கலவரத்தில் துணைச் சிறை அதிகாரி ஒருவர் எரியுண்டு இறந்தார்; கைதிகள் பலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். ஆயத்தமின்மை பூட்டப்பட்டவனையும் பூட்டியவனையும் ஒருசேர விழுங்கும்.

4. நாஞ்சில் நாட்டின் நிலை

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சார்ந்திருந்தது. தமிழகத்தோடு இணைந்த பின்னர், நீண்டகாலத் தண்டனை பெற்றோர் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குச் செல்கின்றனர். விசாரணைக் கைதிகள் நாகர்கோவிலில் வைக்கப்படுகின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களை அழித்தபோது, நாகர்கோவில் கடலுக்குச் சற்று உள்ளே இருந்தமையால் தப்பியது. அதே நாளில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் கடலருகே இருந்த கெயூடா சிறையை அலை மூழ்கடித்தது. கைதிகளுள் பெரும்பாலோர் மாண்டனர். கூரையைப் பிளந்து தப்பியவருள் ஒருவரான இர்வாண்டி யூசுப், 2007இல் அம்மாநிலத்தின் ஆளுநரானார். ஒரே நாளின் ஒரே கடல் ஒரு சிறையை அழித்து, மற்றொன்றை விட்டுச்சென்றது. இதனை நாம் நமது ஆயத்தத்தின் பலன் என்று கொள்ளலாகாது. அமைவிடத்தின் பலன் என்றே கொள்ளவேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் மாவட்டத்தை நாள்கணக்கில் மின்சாரமின்றி வைத்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலிச் சீமையைச் சூழ்ந்தது. மின்சாரம் அற்றால் நீர் இறைக்கும் பொறி நிற்கும். நீர் நின்றால் நூற்றுக்கணக்கானோர் வாழும் மதிலுக்குள் நோய் பிறக்கும். கடற்கரை ஊரானாகிய கைதிக்கோ, தன் வீட்டார் உயிரோடிருக்கின்றனரா என அறிய வழியில்லாத வேதனை தனியாக உண்டு.

5. கொள்ளைநோய் கற்பித்தது

2020இல் கொரோனா பரவியபோது ஏழாம் பிரிவின் பழைய பிரச்சினை மீண்டும் எழுந்தது. மார்ச் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைத்து, ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டோரை இடைக்காலத்திற்கு விடுவிப்பது குறித்து ஆராயப் பணித்தது. மேலும் தற்காலிகச் சிறைகளைக் கட்டுவது மட்டுமன்று, தேவையின்றி அடைக்கப்பட்டோரைக் குறைப்பதே முதல் ஆயத்தம் என்பது அதனால் விளங்கிற்று. இந்தியச் சிறைகளிலிருப்போருள் நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாதவர் என்பதை 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரம் காட்டுகிறது. நெரிசல் என்பது தானே ஓர் ஆபத்து. வேறெந்த ஆபத்து வந்தாலும் அதன் சேதத்தைப் பெருக்குவதும் அதுவே.

6. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரன்

அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் மனமாற்றத்தின் கதையாகவே பிரசங்கிக்கிறோம். அதனைப் பேரிடரில் ஒரு சிறையின் கதையாகவும் வாசித்தல் தகும். பூமியதிர்ச்சியில் கதவுகள் திறந்தன. கைதிகள் ஓடிவிட்டனர் என்றெண்ணிய சிறைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னையே மாய்க்கத் துணிந்தான். பேதுரு தப்பியபோது காவலரை ஏரோது கொல்வித்ததைப் பன்னிரண்டாம் அதிகாரம் கூறுகிறது. எனவே அவனது அச்சம் வீணானதன்று. அங்கே கைதி காவலனின் உயிரைக் காத்தான். காவலன் கைதியின் காயங்களைக் கழுவி அப்பம் பரிமாறினான். இருவர் உயிரும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை இதனினும் தெளிவாக உரைக்கும் பகுதி வேறில்லை.

ஆகவே போதகர்களும் இறையியல் மாணவரும் சிறைக்குச் செல்லும்போது ஜெபப்புத்தகத்தோடு சில கேள்விகளையும் கொண்டுசெல்வது தகும். இரவில் திறவுகோல் யாரிடம் இருக்கிறது? மாற்றுத் திறவுகோல் உண்டா? தீயணைப்பு ஒத்திகை எப்போது நடந்தது? எழுந்து நடக்கமாட்டாத முதியவரையும், தாயோடிருக்கும் குழந்தையையும் தூக்கிச்செல்ல யார் நியமிக்கப்பட்டிருக்கின்றனர்? மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் சிறையின் பெயர் இடம்பெற்றுள்ளதா? 2004இல் நம் ஆலயங்களும் பள்ளிகளும் கரையோர மக்களுக்கு அடைக்கலமாயின. சிறைவாசியின் குடும்பத்திற்குச் செய்தி சேர்க்கும் பணியையும் அவ்வாலயங்கள் ஏற்கலாம். அதற்கு முன்னேற்பாடு ஒன்றே வேண்டும்.

இக்கேள்விகளைக் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கவேண்டுவதில்லை. நல்ல அதிகாரிகள் பலர் இவற்றை நம்மைவிட நன்கறிவர். வெளியிலிருந்து யாரேனும் கேட்டால், மேலிடத்தில் எழுதிக் கேட்க அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். நீதிமன்றம் ஒருவனுக்கு விதிப்பது சுதந்திர இழப்பை மட்டுமே. தீயிலும் நீரிலும் சாகும்படி எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. எழுதப்படாத அத்தீர்ப்பு நம் அலட்சியத்தால் நிறைவேறாதபடி காப்பது, சிறையிலிருப்போரை விசாரிக்கக் கட்டளை பெற்ற நமக்கும் உரிய கடமையாகும்.