ஊவாவின் நிலமும் ஆட்சியும் மொழியும்

மலைநாட்டின் கிழக்குச் சரிவில் அமைந்தது ஊவா மாகாணம். எல்லவில் மலைத்தொடர் பிளந்து தென்சமவெளியை நோக்கித் திறக்கின்றது. பதுளு ஓயா வடக்கே மகாவலியுடன் கலக்க, கிரிந்தி ஓயா தெற்கே கடலை நாடுகின்றது.

1817 – 18 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர், 1886இல் மத்திய மாகாணத்திலிருந்து ஊவாவைப் பிரித்துத் தனி மாகாணமாக்கினர். பதுளை அதன் தலைநகராயிற்று. கோப்பியும் பின்னர் தேயிலையும் தமிழகத்துத் தொழிலாளரை இம்மலைகளுக்குக் கொணர்ந்தன. இவ்வாறு சிங்களக் கிராமங்களின் அருகே தமிழ் பேசும் தோட்டங்கள் உருவாயின.

ஆயினும், இம்மக்களின் மொழி ஆட்சியின் மொழியாகவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்று, மாகாண சபைகளுக்கு வழிவகுத்தது. எனினும், மறு ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி ஊவாவின் நிர்வாக மொழி சிங்களமே. அத்திருத்தம் அளித்த விதிவிலக்கின்படி, 1999இல் எல்ல உட்பட்ட சில பிரதேசச் செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன.

பிரகடனம் மட்டும் போதுமா? பிறப்புப் பதிவையும் பொலிஸ் முறைப்பாட்டையும் தோட்டத் தொழிலாளி தன் மொழியிலே பெறவும் எழுதவும் வேண்டுமெனில், தமிழறிந்த அலுவலர் வேண்டும். அவர்களின்றேல் உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.