ஒரே சேஸி, இரண்டு கார்கள்

ஸ்பிட்ஃபயர் என்றால் இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானம்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதே பெயரில் ஒரு காரும் உண்டு. ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே துணிக் கூரை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் கேன்லி தொழிற்சாலையில் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

என் மாப்பிள்ளை அங்கே வேலையில் இருக்கிறார். 1972ஆம் வருடத்து ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கி, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் பிரித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே போய்த் தங்கியிருந்த ஆறு மாதமும் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன் நான்தான். முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்தவருக்கு இது பதவி உயர்வா என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

அந்தக் காரின் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து, மூக்குப் பகுதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து கொடுக்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். முதல் நாள் அதைத் திறந்தபோது, "மாப்பிள்ளை, இது எங்க சித்தப்பா வண்டி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓடிய காலத்தில் அவர் பிறக்கவே இல்லை.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது. அதன் மூலம் கோவென்ட்ரியில் 1959இல் வெளியான ட்ரயம்ஃப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரும் அவர் வரைந்ததுதான். இரண்டு காருக்கும் அடியில் இருப்பது ஒரே குடும்பத்துச் சேஸி.

அந்தச் சேஸி வந்த கதை வேடிக்கையானது. 1950களில் மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸியைக் கைவிட்டு, பாடியையே முதுகெலும்பாக வைத்துக் கார் கட்ட ஆரம்பித்துவிட்டன. ஸ்டாண்டர்டு ட்ரயம்ஃபுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுப் பாடியை அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. வேறு வழியின்றிப் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனியாக ஒரு சேஸி. மேலே, வெவ்வேறு பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டும் பாடி. அன்றைக்கு இதைப் பின்னடைவு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சேஸி தனியாக இருந்ததால், அதன் நீளத்தைக் குறைத்து மேலே வேறு பாடி வைப்பது சுலபமாயிற்று. சக்கரங்களுக்கு இடையே 91.5 அங்குலம் இருந்ததை 83 அங்குலமாக்கி, 1960இல் மிக்கெலோட்டி ஒரு மாதிரிக் கார் செய்து கொடுத்தார். 'பாம்' என்பது அதன் செல்லப் பெயர். கம்பெனியில் பணமில்லை. துணியைப் போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961இல் லாரி செய்யும் லேலண்ட் கம்பெனி ட்ரயம்ஃபை வாங்கியது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த லேலண்ட் நிர்வாகி ஸ்டான்லி மார்க்லாண்ட் துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாம் என்று சொன்னாராம். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு வந்தது ஸ்பிட்ஃபயர். எஞ்சின் 1147 சி.சி., 63 குதிரைத்திறன். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்கு இது ரொம்பச் சாது. எஞ்சினின் வம்சம் 1953இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட் என்ற குடும்பக் காருடையது.

இப்போது ஷெட்டுக்கு வருவோம். சேஸி கெட்டியாக இருந்தது. பாடிதான் துருப் பிடித்திருந்தது, அதிலும் கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி. ஆங்கிலத்தில் சில் என்பார்கள். ஹெரால்டின் சேஸியில் பாடியின் ஓரங்களைத் தாங்கப் பக்கவாட்டில் கைகள் இருக்கும். ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டு, அந்தச் சுமையைச் சில்லின் மேல் போட்டார்கள். அதனால் சில்லைச் சும்மா அறுத்து எடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகட்டை வெல்டிங் செய்த பிறகு கதவு சாத்தாது. முதலில் கதவைக் கழற்றி, வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து பூட்ட வேண்டும். பிறகு ஒரு பக்கம் முழுசாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொடலாம். மாப்பிள்ளை அளவு எடுத்தார், அறுத்தார், மறுபடி அளவு எடுத்தார். ஒரு பக்கத்துக்கே ஐந்து வாரம். நம் ஊர் டிங்கர் ஆசாரிகள் இவ்வளவு யோசிக்காமல் கண்ணளவிலேயே செய்வார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

என் பங்கு முன்சக்கரத்தில் வந்தது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடியில் மரை இருக்கும். அது வெண்கலத்தில் செய்த ட்ரனியன் என்ற துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்தான் சக்கரம் சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது கம்பெனிக் கையேட்டின் சொல். கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் இடுக்குகளுக்குள் போகாது. ஈரம் உள்ளே இறங்கித் துருப் பிடித்து, ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது இரும்பு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துகொள்ளும். சித்தப்பாவின் மெக்கானிக் தாத்தா இதற்கென்றே தனியாக ஒரு ஆயில் பம்ப் வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் கையேட்டைப் படித்தவரல்ல, ஆங்கிலமே தெரியாது. பாடம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். "மாமா, கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கு" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

இன்றைக்கும் அந்தக் காருக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் கிடைக்கிறது. தபாலில் வீட்டுக்கே வருகிறது. 1977இல் ட்ரயம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு எல்லாவற்றுக்கும் பொதுவானது. உருப்படி ஒன்றாக இருப்பதால் ஒரு காருக்காகச் செய்யும் சாமான் இன்னொன்றுக்கும் உதவுகிறது. சேஸி இல்லாத எம்.ஜி.பி. காருக்கு இது போதவில்லை, முழுப் பாடியே தேவைப்பட்டது. அதற்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, கார் நின்று போன எட்டாவது வருடம், 1988இல், புதுப் பாடிகளை அடிக்க ஆரம்பித்தது.

இதைக் கேட்டபோது எனக்கு வண்டலூர்தான் நினைவுக்கு வந்தது. 1960களின் கடைசியில் இங்கே ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். சித்தப்பாவுடையது நான்கு கதவு வண்டி. பாட்டி புடவை கசங்காமல் பின்னால் ஏறி உட்காருவாள். ட்ரனியன் வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், வேறு பல சாமானும் வரும். பின்கதவு மட்டும் அங்கே இருக்க வழியில்லை. அது நாம் செய்தது, அதன் அச்சும் இங்கேதான் இருந்தது. சித்தப்பாவின் வண்டி எடைக்குப் போய்விட்டது.

உங்களில் யார் வீட்டிலாவது நான்கு கதவு ஹெரால்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தால், பின்கதவின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் வடிய அங்கே சிறு ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். வரும் ஐப்பசிக்கு முன்னால் செய்தால் நல்லது. கதவைக் கழற்ற நேர்ந்தால் காகிதத்தில் வைத்து விளிம்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, அளவுகளைக் குறித்து வையுங்கள்.